முனகிய பிளசர்

அத்தியாயம் ஏழு

வல்லத்திராக்கோட்டையில் பட்டப்பகலில் நாய்கூட எட்டிப் பார்க்காத இடம் ஒன்று இருந்தது. பண்ணை வெள்ளைச்சாமியின் பிளசர் கார் நிற்கும் கொட்டகை. அதற்குள் குழந்தைசாமி நுழைந்தாக வேண்டும். துப்பறியும் ஆத்மநாதனிடம் உதவியாளாக இருப்பவன் நாய்க்கும் ஒரு படி கீழே என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். இன்றைக்குத்தான் அது முழு உண்மையாயிற்று.

விஷயம் இதுதான். ஆயுத பூஜையன்று உச்சிப்பொழுதில் பண்ணை வெள்ளைச்சாமி தம்முடைய சொந்தப் பிளசருக்கும் கொட்டகையின் பின்சுவருக்கும் நடுவில் நசுங்கிச் செத்தார். பிளசர் சுவரைப் பார்த்து நின்றது. நல்ல நேரம் தப்புவதற்குள் அதன் மூக்கில் சந்தனம் வைத்துவிட வேண்டும் என்று இடுக்கில் புகுந்தவர், வெளியே பிணமாகத்தான் வந்தார். சாயங்காலத்துக்குள் டிரைவர் ரத்தினவேலைச் சமஸ்தானத்துப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போலீஸார் சொன்ன நியாயத்தில் ஓட்டை இல்லை. அந்த வண்டிக்குச் செல்ப் உண்டு. தரையில் இருக்கும் ஒரு பொத்தானைக் காலால் மிதித்தால், செல்ப் என்கிற சின்ன மின்சார மோட்டார் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பிவிடும். ஆனால் அது ஒரு மாதமாகச் செத்துக் கிடந்தது. முன்னால் ஹாண்டிலைச் செருகி, தோள்பட்டை கழலும்படி சுற்றினால்தான் வண்டி கிளம்பும். அந்த வித்தை ஊரில் ரத்தினவேல் ஒருவனுக்குத்தான் கை வந்தது. போதாக்குறைக்கு, முதல் நாள் பெரியவர் நாலு பேர் பார்க்க அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார். சம்பவ நேரத்தில் பூசணிக்காய் பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன் என்கிறான். பார்த்த சாட்சி கிடையாது. நாளைக் காலையில் புதுக்கோட்டைக் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். அங்கே போய்விட்டால் பிறகு தூக்குக் கயிறுதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

ஊர் முடிவு கட்டினாலும் அவன் மனைவி மீனம்மாள் கட்டவில்லை. புதுக்கோட்டைக்கு நடந்தே வந்து ஆத்மநாதன் வீட்டு வாசலில் நின்றாள். அழவில்லை. "அவுகளுக்குக் கோவம் வரும். ஆளைக் கொல்ல வராதுங்க" என்று சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஆத்மநாதன் கிளம்பினார். கேஸைப் பிடித்த இன்ஸ்பெக்டர் பழைய சிநேகிதர். தாமும் கூட வருவதாகவும், சாயங்காலம் வரை பொறுப்பதாகவும், அதற்குமேல் ஒரு நிமிஷமும் முடியாது என்றும் சொல்லிவிட்டு, பண்ணை வீட்டு முன்கட்டில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் விசாரித்தது மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்யும் பிச்சையம்மாளை. சம்பவத்தன்று கொட்டகைக்கு அடுத்த தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் அவள். கொட்டகைப் பக்கமே வரமாட்டேன் என்று வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மொதல்ல அந்தப் பிளசருதாங்க மொனகுச்சு. ஈன முடியாத எருமை கணக்கா ஒரு மொனகல். அதுக்குப் பொறவுதான் பெரியவுக கத்துனாக."

குழந்தைசாமி கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். முனகியது செத்தவர் இல்லை, வண்டி. அதுவும் அவர் சாவதற்கு முன்னால்.

இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டதா என்று ஆத்மநாதன் கேட்டார். இல்லவே இல்லை என்றாள். அந்தப் படபட சத்தம் கேட்டால் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அன்றைக்கு ஒன்றுகூட அசையவில்லை. போலீஸ் ஐயாவிடம் இதைச் சொன்னதற்கு, "ஒனக்குக் காது மந்தம்" என்று சொல்லிவிட்டாராம்.

"இன்னொண்ணு கேளுங்க. சத்தங்கேட்டு ஓடியாந்து நாலு ஆம்பளைக சேந்து தள்ளுறாக, வண்டி அசைவேனாங்குது. பெரியவுகளைச் சுவத்தோட அமுக்கிப் புடிச்சுக்கிட்டு விடலை. அப்பறம் சின்னவுக உள்ள ஏறி, சாமியக் கும்புட்டு எதையோ தொட்டாக. தொட்டதும் விட்ருச்சு."

சின்னவர் என்றால் செத்தவரின் தம்பி ரெங்கசாமி. பேய்க்கும் மரியாதை தெரிந்திருக்கிறது, வீட்டு ஆளைக் கண்டதும் விட்டிருக்கிறது என்று குழந்தைசாமி சொன்னான். சொல்லும்போது அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இந்தக் கேஸுக்கு நாம் வேண்டாம், நல்ல கோடாங்கியாகப் பார்த்துக் கூட்டிவந்து உடுக்கை அடிக்கச் சொல்லலாம் என்றும் யோசனை சொன்னான். ஆத்மநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. பிளசருக்கு மாலை கட்டியது யார் என்று பிச்சையம்மாளின் பக்கம் குனிந்து கேட்டார். அவள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். குழந்தைசாமி அதைக் கேட்கவில்லை. அவன் கண் கொட்டகைக் கதவின் மேலேயே இருந்தது.

ரெங்கசாமி சாவியோடு வந்தார். வெளுத்த வேட்டி, மெல்லிய பேச்சு. ரங்கூனில் குண்டு விழுந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். அண்ணன் நிழலில் ஒதுங்கியிருந்தவருக்கு இப்போது அந்த நிழலும் போயிற்று. பெரியவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. காரியமெல்லாம் இவரே முன்னின்று செய்தார். அவரைப் பார்த்தால் குழந்தைசாமிக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"பிளசரைப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாதுங்க. ஏறி ஒக்காரத் தெரியும், எறங்கத் தெரியும். நீங்க பாருங்க. நான் நீர்மோரு கொண்டாரச் சொல்லிட்டு வாரேன்" என்று பூட்டைத் திறந்துவிட்டு வீட்டுப் பக்கம் போனார்.

உள்ளே அரை இருட்டு. வாடிய சாமந்தியும் ஊதுபத்தியும் அதற்கு அடியில் வேறொரு வாடையும் கலந்து வந்தன. கறுப்பு நிறத்தில் அந்த அமெரிக்கப் பிளசர் சுவரைப் பார்த்து நின்றது. அதன் மூக்கில் ஒரு பக்கம்தான் சந்தனம் இருந்தது. மறுபக்கம் வைப்பதற்குள் வைத்தவர் போய்விட்டார். எதிரே சுவரில், ஆள் இடுப்பு உயரத்தில், காவி பூசியது போல ஒரு கறை. குழந்தைசாமி அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். அதைத் தவிர வேறெதையும் அவன் கண் பார்க்க மறுத்தது.

ஆத்மநாதன் வண்டியின் பக்கமே போகவில்லை. பக்கத்துச் சுவர் ஓரமாக ஒரு பலகை. அதன்மேல் ஹாண்டில், ஸ்பானர்கள், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டும் குங்குமமும். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் புனர்பூஜை செய்துதான் எடுப்பார்கள். மறுநாள் இந்த வீட்டில் பூஜையா நடந்தது? எழவு விழுந்த தீட்டு. அதனால் அன்று வைத்தது வைத்தபடியே கிடந்தது. சோதனை போட வந்த கான்ஸ்டபிள்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்திருக்கிறார்கள்.

ஹாண்டிலின் கைப்பிடியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிடிக்கும் இடத்தில் தடவிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, பொடிகூட உதிரவில்லை.

"இதை யாரும் பிடிச்சுச் சுத்தலை, குழந்தை."

"அப்ப வண்டி எப்படி சார் நகந்துச்சு?"

"தானாத்தான்."

"நான் வெளிய நிக்கிறேன் சார்" என்றான் குழந்தைசாமி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கால் உண்மையாகவே வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

வண்டி ஓட்டத் தெரிந்தவன் நீதானே என்று அவர் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து டிரைவர் ஆசனத்தில் உட்காரவைத்தார். பெரியவரைக் கொன்ற வண்டியின் ஆசனம். பிள்ளைகுட்டிக்காரன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று அவர் நினைவுபடுத்தினார். முன்விளக்கைப் போடு என்றார். போட்டான். வெளிச்சம் நேரே சுவர்க் கறையில் விழுந்தது. 

"இப்ப செல்ப் பொத்தானை மிதி. கண்ணை மூடாதே. விளக்கையே பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் இல்லை, அசைவு இல்லை. உயிர் திரும்பி வந்தது போல இருந்தது அவனுக்கு. வெளிச்சம் மங்கியதா என்று அவர் கேட்டார். இல்லை, கொஞ்சம்கூட இல்லை, கறை நன்றாகவே தெரிகிறது என்றான்.

ஆத்மநாதனின் முகம் மலர்ந்தது. செல்ப் உள்ளே எரிந்திருந்தாலோ, இறுகிப்போயிருந்தாலோ, மிதித்த உடனே அது மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும். விளக்கு சாகப்போகிறவன் கண் மாதிரி மங்கும். பாட்டரி செத்திருந்தால் விளக்கே எரியாது. இரண்டும் இல்லை. அப்படியானால் பாட்டரியிலும் கோளாறில்லை, செல்பிலும் கோளாறில்லை. நடுவில்தான் எங்கேயோ வழி அறுந்திருக்கிறது. உள்ளே கம்பிச்சுருள் எரிந்துவிட்டது என்று டவுன் மெக்கானிக் ஒருவர் கையை விரித்ததை நம்பித்தான் ரத்தினவேல் ஒரு மாதமாக ஹாண்டிலோடு மல்லுக்கட்டியிருக்கிறான்.

"அடுப்புல சோறும் இருக்கு, உக்காந்திருக்கிறவனுக்குப் பசியும் இருக்கு. எலைக்குத்தான் வரலைங்கிறீங்க" என்றான் குழந்தைசாமி. பயத்திலும் அவனுக்குச் சோற்று நினைப்புதான்.

பரிமாறுகிறவனைத் தேடி ஆத்மநாதன் இன்ஜின் மூடியைத் தூக்கினார். பொத்தானிலிருந்து கிளம்பிய தடித்த வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது செல்பின் தலைக்குப் போகும் வழியில், தலைக்கு ஒரு சாண் முன்னால், அந்தரத்தில் தொங்கியது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய நட்டு இல்லை. குண்டும் குழியுமான ரோட்டில் எப்போதோ கழன்று விழுந்திருக்க வேண்டும். ஆனால் நட்டு இருந்த இடத்தில் வேறொன்று கரியாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் காட்டினார். கருகியதற்கு நடுவே கருகாத ஒரு துணுக்கு. வாழைநார்.

குழந்தைசாமி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். வயரை யாரோ நாரால் கட்டியிருக்கிறார்கள். கட்டியதும் செல்புக்கு உயிர் வந்திருக்கிறது. இறுக்கமில்லாத கட்டு ஆதலால், மிதித்த வேகத்தில் சூடேறி நார் பொசுங்கியிருக்கிறது. வயர் மறுபடி விழுந்துவிட்டது. பிறகு போலீஸ் வந்து மிதித்துப் பார்த்தபோது செல்ப் பழையபடி பிணம். ஒரே ஒரு தடவை வேலை செய்திருக்கிறது. அந்த ஒரு தடவைக்குத்தான் ஓர் ஆள் போயிருக்கிறார்.

"சார், இத்தனை ஸ்பானரு பக்கத்துல கெடக்கையில எவனாச்சும் நாரால கட்டுவானா?"

ஆத்மநாதன் பலகையைப் பார்த்தார். சந்தனப் பொட்டோடு ஸ்பானர்கள் கிடந்தன.

"கொலை செய்யத் துணிஞ்சவன், பூசையில வச்ச சாமானைத் தொடத் துணியலைடா."

 அதுவரைக்கும் குழந்தைசாமி பயந்ததெல்லாம் பேய்க்கு. கறுப்பாக, பல் நீண்டு, தலைவிரி கோலமாக ஒன்றை மனசுக்குள் வைத்திருந்தான். இதுவோ வேறு. குளித்து, நீறு பூசி, ஸ்பானரில் கால் படாமல் ஒதுங்கி நடந்து, பூக்கட்டிய நாரில் மிச்சத்தை எடுத்து வயரைக் கட்டிவிட்டு, அண்ணன் தம்பி போலப் பக்கத்தில் நிற்கிற ஒருவன். அவனைப் போலவே சாமிக்குப் பயப்படுகிற ஒருவன். பேயே தேவலை என்று தோன்றியது.

ரத்தினவேலாக இருக்கக் கூடாதா என்று ஈனஸ்வரத்தில் கேட்டான். வயர் கழன்ற விஷயம் தெரிந்தவன் ஒரு மாதம் ஹாண்டில் சுற்றிச் சாவானா, ஒரு நட்டைப் போட்டு வேலையை முடித்திருக்கமாட்டானா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குமேல் பேச நேரமில்லை. ஹாரனைத் தாங்கியிருந்த நட்டு ஒன்றைக் கழற்றுவதற்காகப் பலகையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தார். எடுக்கும்முன் அவரும்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நட்டைச் செல்பின் தலையில் போட்டு வயரை நன்றாக முறுக்கினார். ஸ்பானரைப் பழைய இடத்திலேயே வைத்தார். மூடியை இறக்கினார். வாசலுக்குப் போய், அவர்களோடு வந்து அங்கே காத்து நின்ற மீனம்மாளிடம் காதோடு ஏதோ சொல்லி அனுப்பினார். திரும்பிவந்து விளக்கை அணைக்கச் சொன்னார்.

"கியர்க்கம்பியை முதல் கியர்ல போடு. கையை அதுமேலயே வை. பொத்தான் மேல காலை வை, அழுத்தாதே. நான் தலையை ஆட்டினா மிதி."

"எதுக்கு சார்?"

"ஆட்டினா மட்டும்."

ரெங்கசாமி நீர்மோர்ச் செம்போடு உள்ளே வந்தார். ஆத்மநாதன் வாங்கிக் குடித்தார். செல்ப் செத்துத்தான் கிடக்கிறது, நாங்கள் வந்த வேலை முடிந்தது, கடைசியாக ஒன்று மட்டும் தெரிய வேண்டும், அண்ணன் எந்த இடத்தில் எப்படி நின்றார் என்று கொஞ்சம் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டார். ரெங்கசாமி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிளசருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"இப்பிடித்தாங்க. சொவத்துப் பக்கம் முதுகு. கையில சந்தனக் கிண்ணி."

கறை அவருடைய இடுப்புக்குப் பின்னால் மறைந்தது. குழந்தைசாமியின் உள்ளங்கை கியர்க்கம்பியின் குமிழில் வியர்த்து வழுக்கியது. அப்போதுதான், அந்தக் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், அவனுக்கு உறைத்தது. நாலு பேர் தள்ளியும் வண்டி அசையவில்லை. கியரில் கிடந்த வண்டி அசையாது. சின்னவர் உள்ளே ஏறி எதையோ தொட்டார், உடனே விட்டது. அவர் தொட்டது இதைத்தான். இதோ, இந்தக் குமிழை.

பிளசரைப் பற்றி ஒரு எழவும் தெரியாதவர்!

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடாதது நல்லதுதான். அது பொத்தானின் மேல் இருந்தது. வயரை முறுக்கியதை அவன் கண்ணால் பார்த்தான். வண்டி கியரில் கிடக்கிறது, மிதித்தால் செல்ப் இன்ஜினோடு சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளும். எதிரே ஒரு மனிதன், வயிற்றுக்கும் பம்பருக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. கொலைகாரனாகவே இருக்கட்டும், அவன் மூச்சு விடுகிறான், மோர் கொண்டுவந்து கொடுக்கிறான். ஆத்மநாதன் தலையை ஆட்டிவிட்டால்? முழங்கால் ஆட ஆரம்பித்தது. நிறுத்த நிறுத்த அதிகமாக ஆடியது. தொடையைக் கையால் அழுத்திப் பிடிக்கலாம் என்றால் கை கியர்க்கம்பியை விட்டு வரமாட்டேன் என்றது. ஆவுடையார்கோவில் இருக்கும் திசையை மனசாலேயே கும்பிட்டான்.

ஆத்மநாதன் செம்பைக் கீழே வைத்தார். அவசரமே இல்லாத குரலில் பேசினார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேங்க. செல்புக்கு ஒண்ணும் ஆகலை. வயருதான் கழண்டு கெடந்துச்சு. நீங்க மோரு எடுக்கப் போன நேரத்துல நட்டு போட்டு முறுக்கிட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் "அப்படியா, சந்தோஷம்" என்றிருப்பார்கள். ரெங்கசாமி ஆத்மநாதனைப் பார்க்கவே இல்லை. அவர் கண் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. குழந்தைசாமியின் கைக்குப் போயிற்று. கியர்க்கம்பி சாய்ந்திருந்த சாய்வுக்குப் போயிற்று. அங்கிருந்து கீழே, பொத்தான் இருக்கும் இடத்துக்கு இறங்கிற்று. முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க வடிந்துபோனதைக் குழந்தைசாமி பார்த்தான்.

"கியர்ல கெடக்குடா! காலை எடு!"

கத்திக்கொண்டே பலகைப் பக்கம் பாய்ந்தார். அந்தச் சத்தத்தில் குழந்தைசாமியின் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. கால் அழுந்திவிட்டது.

பிளசர் முனகியது. ஈன முடியாத எருமை போல, பூமிக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு முனகல். வண்டி முன்னால் தாவிச் சுவரில் மோதியது. காரை பெயர்ந்து மூடியின்மேல் விழுந்தது. ஆள் நின்ற இடத்தில் இப்போது பம்பர் நின்றது.

"அதே மொனகல்தாங்க. அன்னைக்கிக் கேட்டது இதேதாங்க" என்று கதவுக்கு வெளியே பிச்சையம்மாளின் குரல் நடுங்கியது. அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரும் மீனம்மாளும் நின்றார்கள்.

பலகையின்மேல் விழுந்த ரெங்கசாமியைச் சுற்றி ஸ்பானர்கள் சிதறிக் கிடந்தன. எழுந்திருக்க முயன்றபோது அவர் பாதம் ஹாண்டிலில் பட்டது. பட்டதும், அந்த நிலைமையிலும், தம்மை அறியாமல் குனிந்து அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிக்கொண்ட பிறகுதான் எல்லோரும் தம்மைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

ஆத்மநாதன் கருகிய நாரை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அன்று மாலை கட்டியவர் யார் என்பதைப் பிச்சையம்மாள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். வண்டியைப் பற்றித் தெரியாதவர் கியரைக் கண்டு ஏன் அலறினார் என்று கேட்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ரங்கூனில் பத்து வருஷம் ஒரு துரைக்கு இதே மாதிரி வண்டி ஓட்டியவர் என்று ரெங்கசாமி தாமே சொன்னார். பூ வைக்க மூடியைத் தூக்கியபோதுதான் தொங்கும் வயரைப் பார்த்திருக்கிறார். அதை நாரால் கட்டி, அண்ணன் இடுக்கில் புகுந்ததும் வண்டியில் ஏறி மிதித்துவிட்டு, ஆட்கள் வருவதற்குள் இறங்கியும்விட்டார். அண்ணன் விஜயதசமியன்று நிலம் முழுவதையும் ஆவுடையார்கோவிலுக்குக் கட்டளையாக, பூஜைச் செலவுக்கென்று எழுதிவைப்பதாக இருந்தார். ஒரு காணியாவது கேட்டதற்கு, உழைத்துச் சாப்பிடு என்றாராம்.

"பொணத்தைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தவன் நான். வீடு வந்து சேந்தாப் போதும்னு வந்தேன். வந்த எடத்துல எனக்குன்னு ஒரு வரப்புகூட இல்லைன்னுட்டாக" என்றார். தாமே இரண்டு கையையும் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டினார். குழந்தைசாமி வண்டியை விட்டு இறங்கினான். இறங்கினான் என்பதைவிடச் சரிந்தான் என்பது பொருத்தம். நேரே ஆத்மநாதனிடம் போனான்.

"அவரு குதிக்கலைன்னா?"

நான் தலையை ஆட்டவே இல்லையே, ஆட்டுவதாக நினைக்கவும் இல்லையே என்றார் அவர்.

"அது ஒங்களுக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியாது. என் காலுக்குத் தெரியாது."

  தோளைத் தொட வந்த ஆத்மநாதனின் கையைக் குழந்தைசாமி தட்டிவிட்டான்.

இருட்டுவதற்குள் புதுக்கோட்டை போய்ச் சேர வேண்டும். பிடித்தவனை ஒப்படைத்துவிட்டு, உள்ளே இருப்பவனை விட வேண்டும். கரிவாயுவில் ஓடும் பஸ் காலையில் போனதோடு சரி. இன்ஸ்பெக்டர் வந்த மாட்டுவண்டி போய்ச் சேர நடுநிசி ஆகும். இந்தப் பிளசரிலேயே போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். வாசலில் கூடியிருந்த ஊர் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. கான்ஸ்டபிள் தமக்கு மாட்டுவண்டிதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்றார். முனகியது செல்ப் என்றும், பேய் இல்லை என்றும் ஆத்மநாதன் எடுத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. கையில் விலங்கோடு நிற்பவரை விட்டால், ஓட்டத் தெரிந்தவன் குழந்தைசாமி ஒருவன்தான். அவன் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மீனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் வருஷக்கணக்காக ஓட்டிய வண்டியில் அவள் ஒருநாளும் ஏறியது கிடையாது. ஏறச் சொன்னவரும் கிடையாது. முன்கதவைத் திறந்து டிரைவர் ஆசனத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அதற்கப்புறம் மற்றவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. குழந்தைசாமி எட்டிக் கியரை விடுவிக்க, நாலு பேராக வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டரும் ஆத்மநாதனும் ரெங்கசாமியை நடுவில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். குழந்தைசாமி ஏறி உட்கார்ந்து, கியர்க்கம்பி நடுவில்தான் நிற்கிறதா என்று பார்த்தான். ஆட்டிப் பார்த்தான். எதிரே ஆள் இருக்கிறதா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சாவியைத் திருப்பினான். மறுபடியும் கியர்க்கம்பியை ஆட்டிப் பார்த்தான். காலைப் பொத்தானின் மேல் வைத்தான். அழுத்த முடியவில்லை. பழைய நடுக்கம் முழங்காலில் ஆரம்பித்தது.

அவள் என்ன நினைக்கிறாளோ என்று பக்கவாட்டில் பார்த்தான். மீனம்மாள் இரண்டு கையாலும் ஆசனத்தின் விளிம்பைப் பிடித்திருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவனுக்கு ஒரு கால்தான் ஆடியது. அவளுக்கு உடம்பு முழுக்க ஆடியது.

"பயமா இருக்காக்கா?"

"உசுரே போகுது தம்பி" என்றாள் கண்ணைத் திறக்காமல். "அவுக வெளிய வாரப்ப நான் வாசல்ல நிக்கணும். நீங்க மிதிங்க."